"ரெண்டு ரவுண்டு ஓடிட்டு வா" என்பது ஒரே பயிற்சி அல்ல: பருமனான பதின்ம வயதினரும் உடற்பயிற்சியின் தீவிரமும்

பி.டி. பீரியடில் நாற்பது பேரை வரிசையில் நிறுத்தி, விசிலடித்து, "ரெண்டு ரவுண்டு ஓடிட்டு வாங்க" என்று சொன்னால், ஒல்லியான பையன் நாடி 140-ஐத் தொடும் அளவில் பேசிக்கொண்டே ஓடி முடித்துவிடுவான். அதே வகுப்பில் 90 கிலோ எடையுள்ள பையனுக்கு அரை ரவுண்டிலேயே நாடி 185-ஐத் தாண்டியிருக்கும். அவனை மற்றவர்கள் சோம்பேறி என்பார்கள். உண்மையில் அந்த நேரத்தில் மைதானத்திலேயே அதிகம் உழைத்தவன் அவன்தான். தூரமும் வேகமும் எல்லோருக்கும் ஒன்றுதான், உடலுக்குள் நடப்பது வேறு வேறு.

பருமனான பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி சொல்லும்போது நடக்கும் பெரும்பாலான தவறுகளின் வேர் இதுதான். "மெதுவாக நட, போதும்" என்பவர்களும் இருக்கிறார்கள், "வியர்க்க வியர்க்க ஓடினால்தான் கரையும்" என்பவர்களும் இருக்கிறார்கள். இருவருமே தீவிரத்தைக் காலின் வேகத்தை வைத்து அளக்கிறார்கள். மூச்சையும் நாடியையும் வைத்து அளந்தால் யாருக்கு எவ்வளவு என்பது தெளிவாகிவிடும்.

பருமனான பதின்ம வயதினரைச் சோதனைக்கூடத்தில் ஓடவிட்டு, ஒரு நிமிடத்தில் உடல் அதிகபட்சம் எத்தனை லிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்று பார்த்தால், பலருக்கு அது ஒத்த வயதினரைவிடப் பெரிதாகக் குறைந்திருக்காது. அதையே உடல் எடையால் வகுத்து, கிலோவுக்கு எத்தனை மில்லி என்று பார்க்கும்போதுதான் எண் விழுந்துவிடுகிறது. எஞ்சின் சின்னதில்லை, ஏற்றிய பாரம்தான் அதிகம். ஆகவே எடையை நேரடியாகச் சுமக்க வேண்டிய ஓட்டத்தில் திணறும் பிள்ளை, சைக்கிளிலும் நீச்சலிலும் பளுப் பயிற்சியிலும் மற்றவர்களுக்குச் சமமாக நிற்கும். பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் நினைவில் வைக்க வேண்டியது இது.

தீவிரத்தை அளப்பது எப்படி

செலவில்லாத வழி, பேச்சு. முழு வாக்கியம் பேச முடிகிறது, ஆனால் பாட்டுப் பாட முடியவில்லை என்றால் அது மிதமான தீவிரம். நான்கைந்து சொற்களுக்கு மேல் மூச்சு இடம் கொடுக்கவில்லை என்றால் கடுமையான தீவிரம். பாடவே முடிகிறது என்றால் அது லேசான நடை, கணக்கில் வராது. இன்னொன்று, 0 முதல் 10 வரை மதிப்பெண் போடச் சொல்வது. உட்கார்ந்திருப்பது 0, இதற்குமேல் ஒரு அடிகூட வைக்க முடியாது என்பது 10. மிதமானது 5 அல்லது 6, கடுமையானது 7 அல்லது 8. பதின்ம வயதுப் பிள்ளைகள் முதல் வாரத்தில் இந்த எண்ணை இஷ்டத்துக்குச் சொல்வார்கள். நாடியையும் சேர்த்து எண்ணவைத்தால் இரண்டு வாரத்தில் சரியாகச் சொல்லப் பழகிவிடுவார்கள்.

நாடிக்கு வருவோம். அதிகபட்ச இதயத்துடிப்புக்கு "220-லிருந்து வயதைக் கழி" என்பதுதான் எல்லா ஜிம்மிலும் மாட்டியிருக்கும் கணக்கு. பதின்ம வயதில் அது கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது இந்த வயதுக்கு இன்னும் பொருத்தமானது. 15 வயதுக்கு 208 கழித்தல் 10.5, அதாவது சுமார் 197. 13 வயதுக்கு 199, 18 வயதுக்கு 195. வித்தியாசம் நான்கே துடிப்பு என்பதால், பதின்ம வயது முழுவதற்கும் 197-ஐயே வைத்துக்கொள்ளலாம். அதில் 64 முதல் 76 சதவீதம் வரை மிதமானது: நிமிடத்துக்கு 126 முதல் 150. அதற்கு மேல் 187 வரை கடுமையானது.

எண்ணும் முறையில்தான் பிழை வரும். நின்றவுடனே, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். ஒரு நிமிடம் முழுக்க எண்ணினால் அதற்குள் துடிப்பு இறங்கிவிடும், கிடைக்கும் எண் பொய். 15 விநாடியில் 32 முதல் 37 வரை வந்தால் மிதமானது, 38-க்கு மேல் போனால் கடுமையானது, 42 முதல் 45 வரை என்றால் இடைவெளிப் பயிற்சியின் (வேகமும் இளைப்பாறலும் மாறி மாறி வரும் பயிற்சி) உச்சப் பகுதி. கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் சீரான நடைக்குப் பரவாயில்லை. வேகம் ஏறி இறங்கும் பயிற்சியில் அது சற்றுப் பின்தங்கியே காட்டும், வார் தளர்வாக இருந்தால் காலடி எண்ணிக்கையை நாடி என்று காட்டுவதும் உண்டு.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். புதிதாகத் தொடங்கும் 85, 90 கிலோ பிள்ளைக்கு மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர் வேக நடையே பல சமயம் 150-ஐத் தாண்டிவிடும். பக்கத்தில் நடக்கும் அப்பாவுக்கு அது உலாத்தல், பிள்ளைக்கு அது கடும்பயிற்சி. "நடக்கவே மூச்சு வாங்குது பாரு" என்று கிண்டல் செய்யும் உறவினர் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

ஆய்வுகள் சொல்வது

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டாவில், 13 முதல் 16 வயதுள்ள பருமனான 80 பேரை வைத்து நடந்த ஆய்வு 2002-இல் வெளியானது. எட்டு மாதம். ஒரு குழுவுக்கு வாழ்க்கைமுறைப் பாடம் மட்டும், இன்னொன்றுக்குப் பாடத்தோடு மிதமான பயிற்சி, மூன்றாவதுக்குப் பாடத்தோடு கடும்பயிற்சி. பயிற்சி வாரம் ஐந்து நாள். இரண்டு பயிற்சிக் குழுக்களுக்கும் ஒரு முறைக்கு 250 கிலோகலோரி செலவாக வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். மெதுவாகச் செய்தவர்கள் அதிக நேரம் செய்தார்கள், வேகமாகச் செய்தவர்கள் சீக்கிரம் முடித்தார்கள். இதய நுரையீரல் திறன் கடும்பயிற்சிக் குழுவில் தெளிவாக ஏறியது. உடல் கொழுப்பிலும், வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பிலும், தீவிரத்தால் தெளிவான வித்தியாசம் வரவில்லை.

இதில் வியப்பில்லை. 80 கிலோ பிள்ளை வேக நடையில் 250 கிலோகலோரி செலவழிக்க முக்கால் மணி நேரம் ஆகும், ஜாகிங்கில் கிட்டத்தட்ட பாதி நேரம் போதும். செலவு ஒன்றுதான் என்றால் கொழுப்பில் நடப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே கொழுப்பைத் தீர்மானிப்பது மொத்த அளவு, இதயத்தின் திறனைத் தீர்மானிப்பது தீவிரம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் "எது சிறந்தது" என்று யூடியூபில் சண்டை போடுகிறார்கள்.

நார்வேயின் த்ரோண்ட்ஹைமில் 54 பேரை வைத்து நடந்த ஆய்வு 2009-இல் வந்தது. ஒரு குழுவுக்கு வாரம் இரண்டு முறை, மூன்று மாதம், நான்கு நிமிடம் கடுமையாகவும் மூன்று நிமிடம் இளைப்பாறலாகவும் நான்கு சுற்று. மற்றொரு குழுவுக்கு ஓராண்டு முழுக்க மாதம் இரண்டு முறை பயிற்சி, உணவு ஆலோசனை, மனநல ஆலோசனை. ஆக்சிஜன் பயன்பாட்டுத் திறனிலும் இதயநோய் அபாயக் காரணிகளிலும் இடைவெளிப் பயிற்சிக் குழுவே முன்னால் நின்றது. வாரம் இரண்டே நாள் என்பதைக் கவனியுங்கள். தினமும் செய்ய வேண்டிய பயிற்சி இல்லை அது.

கனடாவின் ஒட்டாவா பகுதியில் 14 முதல் 18 வயதுள்ள 304 பேரை வைத்து நடந்த ஆய்வில் (2014) எல்லோருக்கும் உணவு ஆலோசனை கொடுத்து, ஓட்டம் நடை வகைப் பயிற்சி, பளுப் பயிற்சி, இரண்டும் சேர்த்து, எதுவுமில்லை என்று நான்காகப் பிரித்தார்கள். 22 வாரம் நடந்தது. பயிற்சி செய்த மூன்று குழுக்களிலும் கொழுப்பு குறைந்தது. ஒழுங்காகத் தவறாமல் வந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, ஓட்டம் நடை மட்டும் செய்தவர்களைவிட இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு அதிகம் குறைந்திருந்தது.

கடும்பயிற்சி செய்தால் பசி கூடி இரட்டிப்பாகச் சாப்பிட்டுவிடுவான் என்ற பயம் பல அம்மாக்களுக்கு உண்டு. பிரான்சில் பருமனான பையன்களை ஆய்வு அறையில் 24 மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். காலையில் கடுமையாகச் செய்த நாளில், சும்மா இருந்த நாளைவிட அவர்கள் தாமாகவே குறைவாகத்தான் சாப்பிட்டார்கள். மெதுவாகச் செய்த நாளில் அந்த அளவு குறையவில்லை. சிறிய ஆய்வு, ஒரு நாள் கணக்கு. இதை வைத்துக் கோட்டை கட்ட வேண்டாம், பயத்தை விட்டுவிடலாம்.

எடை இறங்காமலேயே கிடைப்பவையும் உண்டு: ஈரலில் படிந்த கொழுப்பு குறைவது, இன்சுலின் நன்றாக வேலை செய்வது, ரத்த அழுத்தம் இறங்குவது, தூக்கம் சீராவது. பருவமடையும் வயதில் இன்சுலின் எதிர்ப்பு எல்லோருக்குமே இயல்பாகக் கொஞ்சம் கூடும். பருமனான பிள்ளைக்கு அது இரட்டைச் சுமை. கழுத்தின் பின்பக்கம், அக்குளில் கருமையாக, வெல்வெட் போலத் தடித்திருக்கும் தோல் அதன் அடையாளம். அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துப் பிள்ளையைப் புண்ணாக்குவதை நிறுத்துங்கள், தேய்த்தால் போகாது.

தொடங்கும் முன்

பெரும்பாலான பிள்ளைகளுக்கு நடையும் லேசான பளுவும் தொடங்க எந்தச் சோதனையும் தேவையில்லை. கடும்பயிற்சிக்குப் போகும் முன் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், ஈரலின் நிலையைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. ரத்தப் பரிசோதனை, இவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. 13 வயதுக்கு மேல் ரத்த அழுத்தம் 130/80-ஐத் தொட்டாலே அதிகம்தான். 140/90-ஐத் தாண்டியிருந்தால், மருத்துவர் கட்டுக்குள் கொண்டுவரும்வரை கடும்பளுவும் அதிவேகமும் வேண்டாம், நடை தொடரலாம். ஓடும்போது மயங்கி விழுந்தது, நெஞ்சு வலித்தது, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நேர்ந்தது, இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் இதய மருத்துவர். இன்சுலின் போடும் பிள்ளை என்றால் பயிற்சிக்கு முன்னும் பின்னும் சர்க்கரை பார்க்க வேண்டும், பையில் குளுக்கோஸ் இருக்க வேண்டும்.

பெண்பிள்ளைகளின் ஹீமோகுளோபினைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதத்தினருக்கு ரத்தசோகை என்று தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21) சொல்கிறது. குண்டாக இருக்கும் பிள்ளைக்கு ரத்தசோகை இருக்காது என்பது தப்பான எண்ணம். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால், சும்மா மாடி ஏறினாலே நாடி எகிறும். பயிற்சி ஏறாததற்கு எடையைக் குறைசொல்லிக்கொண்டிருப்போம், உண்மையில் குறை இரும்புச்சத்தில் இருக்கும்.

பன்னிரண்டு வாரம்

முதல் மூன்று வாரம் தீவிரத்தைப் பற்றிப் பேசவே கூடாது. வாரம் ஐந்து நாள், 15 முதல் 20 நிமிடம், பேசிக்கொண்டே நடக்கும் வேகம். நாடி 150-ஐத் தாண்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். பிள்ளையே "இது ரொம்ப ஈசியா இருக்கு" என்று சொல்லும், சொல்லட்டும். எலும்பும் தசைநாரும் இதயத்தைவிட மெதுவாகத்தான் பழகும். மூச்சு இரண்டு வாரத்தில் தயாராகிவிடும், முழங்காலுக்குக் கீழுள்ள எலும்புக்கு இன்னும் சில வாரங்கள் வேண்டும். இந்த இடைவெளியில் அவசரப்பட்டவர்கள்தான் அந்த எலும்பின் வலியோடு நான்காவது வாரத்தில் நின்றுபோகிறார்கள்.

நான்காவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம்வரை நேரம் 30, 35 நிமிடமாகக் கூடும். அதில் இரண்டு நாள் மட்டும் வேகத்தைப் புகுத்தலாம்: பத்து நிமிடம் உடம்பைச் சூடேற்றும் நடை, பிறகு ஒரு நிமிடம் வேகம், ஒன்றரை நிமிடம் மெதுவாக, இப்படி ஆறு முறை, கடைசியில் ஐந்து நிமிடம் ஆறவிடும் நடை. வேக நிமிடத்தின் முடிவில் மதிப்பெண் 7 இருந்தால் போதும். இளைப்பாறும்போது நின்றுவிடக் கூடாது, உட்காரவே கூடாது. கடும்பயிற்சிக்குப் பிறகு சட்டென நின்றால் ரத்தம் காலில் தங்கித் தலை சுற்றும்.

எட்டாவது வாரத்தில் வேகப் பகுதியை இரண்டு நிமிடமாக்கி ஐந்து சுற்று. இது பிடிபட்டவர்கள் பத்தாவது வாரத்தில் நார்வே முறைக்குப் போகலாம்: நான்கு நிமிடம் நாடி 168-க்கு மேல், மூன்று நிமிடம் 138 அளவில், நான்கு சுற்று. சூடேற்றலும் ஆறவிடுதலும் சேர்த்து 40 நிமிடம். முதல் சுற்றில் நாடி 168-ஐத் தொட இரண்டு நிமிடமாவது ஆகும், அது சரிதான். முதல் அரை நிமிடத்திலேயே தொட்டுவிட்டால் வேகம் அதிகம், மூன்றாவது சுற்றில் பிள்ளை படுத்துவிடும். நான்கு சுற்றையும் ஒரே வேகத்தில் முடிப்பதே இலக்கு. அதிகபட்ச நாடியில் 95 சதவீதத்துக்கு மேல் தள்ளி, "இன்னும், இன்னும்" என்று பின்னாலிருந்து கத்துவதால் பெரிதாக எதுவும் கூடப்போவதில்லை. மூச்சு ஒரு எல்லையைத் தாண்டியதும் பிடித்த பயிற்சியும் வேதனையாகிவிடும், அடுத்த வாரம் பிள்ளை வயிற்றுவலி என்று சாக்குச் சொல்லத் தொடங்கும்.

வேகத்துக்கு ஓட்டம்தான் வேண்டும் என்பதில்லை. நடக்கும்போது தரை திருப்பித் தரும் விசை உடல் எடையைவிடச் சற்றே அதிகம், ஓடும்போது இரண்டு மூன்று மடங்கு. 85 கிலோ பிள்ளைக்கு ஒவ்வொரு அடியிலும் 170 கிலோவுக்கு மேல். ஏற்றத்தில் வேகமாக நடந்தால், ஒரு காலாவது எப்போதும் தரையில் இருக்க, நாடி அதே உயரத்துக்குப் போகும். ஊரில் மேடு இல்லையென்றால் மேம்பாலத்தின் ஓரத்து நடைபாதை, அதுவும் இல்லையென்றால் அடுக்குமாடிப் படிக்கட்டு. படியில் ஏறுவதுதான் பயிற்சி. இறங்குவது முழங்காலுக்கும் தொடைக்கும் தண்டனை, மெதுவாகக் கைப்பிடியைப் பிடித்து இறங்கட்டும், லிஃப்ட் இருந்தால் அதில் இறங்கினாலும் குற்றமில்லை. சைக்கிள் என்றால் சீட் உயரம் முக்கியம்: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நீட்டி நிற்க வேண்டும். தாழ்ந்த சீட்டில் மிதித்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். ஸ்கிப்பிங்கை முதல் இரண்டு மாதம் தொடவேண்டாம், அது ஓட்டத்தைப் போலவே மூட்டில் இடிக்கும்.

பளு தூக்கினால் வளர்த்தி நின்றுவிடுமா

நிற்காது. சரியான முறையில், மேற்பார்வையோடு செய்தால் பதின்ம வயதில் பளுப் பயிற்சி பாதுகாப்பானது என்பதில் குழந்தைநல மருத்துவ அமைப்புகளுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. பருமனான பிள்ளைக்கு இதில் தனி வசதி ஒன்று உண்டு. தினமும் அதிக எடையைச் சுமந்து பழகியதால் காலில் வலு ஏற்கெனவே இருக்கும். ஓட்டத்தில் கடைசியில் வரும் பிள்ளை இங்கே முதலாவதாக நிற்கும். பயிற்சியில் அதற்குக் கிடைக்கும் முதல் வெற்றி இதுவாகத்தான் இருக்கும் என்பதால், நாங்கள் இதை எப்போதும் முதல் வாரத்திலேயே சேர்க்கச் சொல்வோம்.

வாரம் இரண்டு நாள், இடையில் ஒரு நாளாவது இடைவெளி விட்டு. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது (பஸ்கியின் எளிய வடிவம்), சுவரில் கையூன்றித் தண்டால், மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, ரெசிஸ்டன்ஸ் பேண்டைக் கிரில்லில் மாட்டிப் பின்னால் இழுப்பது, இரண்டு கையிலும் ஐந்து லிட்டர் தண்ணீர் கேனோடு முப்பது விநாடி நடப்பது. ஒவ்வொன்றும் 10 முதல் 12 முறை, இரண்டு செட். கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும், ஆனால் வடிவம் குலையக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கடினமாக்கலாம்: சுவர்த் தண்டாலிலிருந்து மேசை விளிம்பு, பிறகு பெஞ்ச், பிறகு தரை. நேராகத் தரைத் தண்டாலில் தொடங்கினால் இரண்டோடு விழுந்து, வெட்கத்தோடு அந்தக் கதை முடியும். எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும், அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும். நாற்காலியிலிருந்து எழும்போது முழங்கால்கள் உள்ளே சாய்ந்தால் தொடையைச் சுற்றி பேண்டை மாட்டி, வெளியே தள்ளிக்கொண்டே எழச் சொல்லுங்கள்.

முழங்கால் வலி என்று சொன்னால்

இதை மட்டும் யாரும் அசட்டை செய்யக் கூடாது. 10 முதல் 16 வயதுக்குள் உள்ள பருமனான பிள்ளை தொடை, இடுப்பு மடிப்பு, அல்லது முழங்கால் வலிக்கிறது என்று சொல்லி, நொண்டியும் நடந்தால், அது முழங்காலே இல்லாமல் இருக்கலாம். தொடை எலும்பின் மேல்முனையில் உள்ள வளர்ச்சித் தட்டு வழுக்கி, பந்து போன்ற தலைப்பகுதி இடம் பெயர்வது இந்த வயதில், இந்த எடையில் வரும் நோய். வலி நரம்பு வழியாக முழங்காலில் தெரியும். முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்து "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுவதால் வாரக்கணக்கில் தாமதமாவதுண்டு. கவனிக்க வேண்டிய அடையாளம்: படுக்கவைத்து முழங்காலை மடித்து நெஞ்சை நோக்கிக் கொண்டுவந்தால் கால் தானாக வெளிப்பக்கம் திரும்பும், நடக்கும்போதும் பாதம் வெளியே பார்த்திருக்கும். அன்றைக்கே இரண்டு இடுப்புக்கும், நேராகவும் தவளைபோல் கால் விரித்தும், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதுவரை அந்தக் காலை ஊன்ற விடக் கூடாது. எண்ணெய் போட்டு நீவுவது, கட்டுப்போடும் இடத்துக்குக் கூட்டிப்போய் இழுத்து விடுவது, இரண்டும் வழுக்கியதை இன்னும் வழுக்க வைக்கும். தலைப்பகுதிக்கு ரத்த ஓட்டம் நின்றுபோனால் அந்த இடுப்பு வாழ்நாளுக்கும் கெட்டுவிடும்.

மற்ற வலிகள் அவ்வளவு பயங்கரமில்லை. முதல்முறை செய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை வலிப்பது இயல்பு, மூன்று நாளில் போகும். முழங்காலுக்குக் கீழே எலும்பு முண்டில் தொட்டால் வலி, குதிகாலின் பின்னால் வலி, இவை வளரும் எலும்பில் தசைநார் இழுப்பதால் வருபவை. குதிப்பதையும் ஓட்டத்தையும் சில வாரம் நிறுத்தி சைக்கிளுக்கு மாறினால் போதும். பயிற்சி முடிந்து ஐந்து பத்து நிமிடத்தில் இருமலும் இழுப்பும் வந்தால் ஆஸ்துமாவாக இருக்கலாம். "ஸ்டாமினா இல்லை" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும், இன்ஹேலரோடு கடும்பயிற்சி தாராளமாகச் செய்யலாம்.

வெயில், வியர்வை, துணி

தோலுக்கடியில் கொழுப்பு தடித்திருந்தால் உடலின் சூடு வெளியேறுவது தாமதம். அதனால் ஏப்ரல், மே மாதத்தில் மைதானம் என்றால் காலை ஏழு மணிக்குள், அல்லது மாலை ஐந்தரைக்குப் பிறகு. கடலோர ஊர்களில் விடியற்காலை காற்றில் ஈரம் மிக அதிகம், வியர்வை காயாமல் வழியும். அங்கே விடியல் பாதுகாப்பானது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. விடுமுறை முடிந்து திரும்பும் முதல் பத்து நாள் நேரத்தையும் வேகத்தையும் பாதியாக்கி, படிப்படியாக ஏற்ற வேண்டும். 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர். ஒரு மணி நேரத்துக்குட்பட்ட பயிற்சிக்கு ஸ்போர்ட்ஸ் டிரிங்க் தேவையே இல்லை. ஓடிவிட்டு வந்து குடிக்கும் 600 மில்லி கோலாவில் சுமார் 260 கிலோகலோரி, அதாவது அன்றைய பயிற்சி முழுதும். வயிற்றைச் சுற்றிப் பிளாஸ்டிக் பெல்ட் கட்டி வியர்க்க வைப்பவர்கள் கரைப்பது தண்ணீரை, கொழுப்பை இல்லை. கூடவே உஷ்ண மயக்கத்துக்கும் வழி செய்கிறார்கள்.

பிள்ளை வாய்விட்டுச் சொல்லாத காரணம் தொடை உராய்வு. இரண்டு தொடையும் உரசித் தோல் எரியும், அந்த எரிச்சலோடு நடக்கவே முடியாது, வெட்கத்தில் காரணமும் சொல்லாது. முழங்கால்வரை வரும் இறுக்கமான சைக்கிளிங் ஷார்ட்ஸை உள்ளே போட்டு, உரசும் இடத்தில் வாசலின் தடவினால் அன்றே தீரும். பயிற்சி முடிந்ததும் ஈரத்துணியை மாற்ற வேண்டும், இல்லையென்றால் படர்தாமரை வந்து மாதக்கணக்கில் படுத்தும். பெண்பிள்ளைகளுக்கு அளவு சரியான ஸ்போர்ட்ஸ் பிரா ஆடம்பரம் இல்லை. அது இல்லாததால்தான் பலர் ஓட மறுக்கிறார்கள். மாதவிடாய் நாளில் உடம்பு ஒத்துழைத்தால் எல்லாப் பயிற்சியும் செய்யலாம். பள்ளிச் சீருடையின் மெல்லிய வெள்ளைக் கேன்வாஸ் ஷூ இந்த எடைக்கு ஆகாது, மெத்தென்ற அடிப்பாகமுள்ள ஷூ ஒன்று தனியாக வேண்டும். செலவழிக்க வேண்டிய ஒரே இடம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வோம்.

பள்ளிக்கூடம், டியூஷன், நேரம்

5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடம் மிதமானது முதல் கடுமையானது வரை, அதில் வாரம் மூன்று நாளாவது கடும்பயிற்சியும் தசை, எலும்பை வலுப்படுத்துவதும் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது. பத்தாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா இதைப் படித்தால் சிரிப்பார். ஆனால் 60 நிமிடம் ஒரே தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதில்லை. டியூஷனுக்கு வேகமாக நடந்தோ சைக்கிளிலோ போய் வருவது, மாலையில் 20 நிமிடம், வீட்டில் பளு 15 நிமிடம், எல்லாம் கூட்டலில் சேரும். சிலம்பம் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு வேகமும் இளைப்பாறலும் மாறி மாறித் தானாகவே வந்துவிடும், நாடி எண்ண வேண்டிய வேலையே இல்லை.

பள்ளியில் பி.டி. ஆசிரியர் செய்யக்கூடிய எளிய மாற்றம், தூரத்துக்குப் பதில் நேரத்தைக் கொடுப்பது. "ரெண்டு ரவுண்டு" என்றால் கடைசியில் வருபவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். "ஆறு நிமிஷம், மூச்சு 7 மார்க்ல இருக்கட்டும்" என்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் முடிப்பார்கள், ஒவ்வொருவரும் தன் உடலுக்கேற்ற தீவிரத்தில். கூடவே, ஹோம்வொர்க் செய்யாததற்கு மைதானத்தைச் சுற்றவிடும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். தண்டனையாகக் கொடுத்த ஒன்றைப் பிறகு ஆரோக்கியம் என்று சொல்லி விற்க முடியாது.

எதை அளப்பது

தினமும் எடைமெஷினில் ஏற்றாதீர்கள். வளரும் பிள்ளைக்கு எடை நின்றாலே போதும்: 150 செ.மீ. உயரத்தில் 62 கிலோ இருந்தால் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண்) 27.6. அதே 62 கிலோவோடு 156 செ.மீ. ஆனால் 25.5. நான்கு வாரத்துக்கு ஒருமுறை இடுப்புச் சுற்றளவை உயரத்தால் வகுத்துப் பாருங்கள், 0.5-க்குக் கீழே கொண்டுவருவது இலக்கு. திறனை அளக்க 30 செ.மீ. உயரமுள்ள படி ஒன்று போதும். செல்போன் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 96 தட்டு வைத்து, "ஏறு, ஏறு, இறங்கு, இறங்கு" என்று மூன்று நிமிடம். முடிந்ததும் உட்காரவைத்து அடுத்த ஒரு நிமிடம் முழுக்க நாடியை எண்ணி எழுதிவையுங்கள். நின்றவுடன் 15 விநாடி என்று மேலே சொன்ன விதிக்கு இது விலக்கு, இங்கே நாம் பார்ப்பது நாடி எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதை. அதே படி, அதே தட்டு, அதே நேரம், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. எண்ணை வேறு யாரோடும் ஒப்பிட வேண்டாம், பிள்ளையின் போன மாத எண்ணோடு மட்டும்.

அந்த எண் எட்டு வாரத்தில் இறங்கவே இல்லை என்றால் மூன்றைச் சந்தேகிக்கலாம். வேக நாட்களில் உண்மையிலேயே 168 தொடப்படவில்லை, ஹீமோகுளோபின் குறைவு, அல்லது தூக்கம் போதவில்லை. பதின்ம வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுந்து, பகலில் வகுப்பில் தூங்கி விழும் பிள்ளைக்குப் பயிற்சியின் அட்டவணையை மாற்றுவதற்கு முன் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்குங்கள்.